அந்த எட்டு நிமிடம்



போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் ஞாயிறு வகுப்பில் ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். "விழுந்து எழுந்த கதை ஒன்று சொல்லுங்கள். புராணத்திலிருந்து வேண்டாம், நம் நாட்டில் நடந்ததாக இருக்கட்டும்" என்றேன். படிவம் நான்கில் படிக்கும் ஒரு தம்பிதான் முதலில் கையைத் தூக்கினான்.

"அண்ணே, 2010 சுசுகி கிண்ணம்! இந்தோனேசியாகிட்ட 5–1 தோத்துட்டு, அதே இந்தோனேசியாவ ஃபைனல்ல 3–0 அடிச்சோம். கோச் யாரு? நம்ம ராஜகோபால் சார்!"

வகுப்பே கைதட்டியது. அவன் பிறந்தே இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருக்கும் அப்போது. ஆனாலும் நேரில் பார்த்தவன் மாதிரி சொன்னான். அந்தச் சூட்டிலேயே பின்வரிசையிலிருந்து இன்னொருவன் எழுந்தான்.

"எங்க மாமா அந்த மேட்ச்சுக்குப் போனாராம்ணே. லேசர் அடிச்சு அவங்க கோல்கீப்பர ஒரு வழி பண்ணிட்டாங்களாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வகுப்பை ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டேன். காரணம் கேட்டவர்களிடம் தலைவலி என்றேன். தலைவலி இல்லை. அந்த இரவு புக்கிட் ஜாலில் அரங்கில் இருந்த லேசர்களில் ஒன்று என் கையில் இருந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இந்த மாதப் பாடத்தை அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதற்பாதி: ஐந்துக்கு ஒன்று

முதலில், அந்தத் தம்பி சொன்ன கதையைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். அது கைதட்ட வேண்டிய கதைதான்.

2007-இல் ஆசியக் கிண்ணக் காற்பந்துப் போட்டியை நடத்திய நான்கு நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சொந்த மண், சொந்த ரசிகர்கள், புக்கிட் ஜாலில் அரங்கம். சீனாவிடம் 1–5, உஸ்பெகிஸ்தானிடம் 0–5, ஈரானிடம் 0–2. மூன்று ஆட்டத்தில் 12 கோல் வாங்கி ஒரே ஒரு கோல் போட்டோம். அந்தக் காலத்தில் ஹரிமாவ் மலாயா என்று சொன்னாலே மாமாக் கடையில் சிரிப்பார்கள். எல்லாரும் இங்கிலாந்துக் குழுக்களின் ஜெர்சி போட்டுக்கொண்டு திரிந்தோம். நானும்தான்.

அந்த நிலையில்தான் கே. ராஜகோபால் தேசியக் குழுவின் பொறுப்புக்கு வந்தார். அவரே முன்னாள் தேசிய ஆட்டக்காரர். பெரிய பெயர்களைத் தேடி ஓடாமல் இளம் ஆட்டக்காரர்களை நம்பினார். 2009 டிசம்பரில் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் அவருடைய 23 வயதுக்குட்பட்ட குழு இறுதியாட்டத்தில் வியட்நாமை 1–0 என்று வென்று தங்கம் வாங்கியது. 1989-க்குப் பிறகு, 20 வருடம் கழித்து வந்த தங்கம் அது. அந்தப் பையன்களில் பலரை வைத்துத்தான் அடுத்த வருடம் சுசுகி கிண்ணத்துக்குப் போனார். எஸ். குணாளன், கே. குருசாமி என்று நம் பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள்.

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. முதல் ஆட்டமே இந்தோனேசியாவோடு. முதல் கோலை நாம்தான் போட்டோம். அதற்குப் பிறகு அவர்கள் ஐந்து போட்டார்கள். மறுநாள் எங்கள் வேலையிடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டுவதற்குக்கூட ஆர்வம் இல்லை.

அடுத்து தாய்லாந்தோடு 0–0. லாவோஸை 5–1. குழுவில் இரண்டாமிடம் பிடித்து அரையிறுதி. அங்கே நடப்பு வெற்றியாளர் வியட்நாம். புக்கிட் ஜாலிலில் 2–0 வென்று, ஹனோயில் 0–0 என்று தாங்கிப் பிடித்தோம். இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது யார்? அதே இந்தோனேசியா.

25 நாளில் ஒரு குழு இப்படி மாறியது மந்திரம் இல்லை. ஐந்து கோல் வாங்கிய மறுநாள் பயிற்றுநர் யாரையும் பலியாடு ஆக்கவில்லை என்றால்தான் பையன்கள் மறுபடி ஓடுவார்கள். அடுத்த ஆட்டத்தில் முதலில் கோல் வாங்காமல் நின்றார்கள். அதற்கடுத்த ஆட்டத்தில்தான் நிறையக் கோல் போட்டார்கள். விழுந்தவன் முதலில் எழுந்து நிற்க வேண்டும், ஓடுவது அப்புறம். பரீட்சையில் தோற்ற தம்பிக்கும் இதையேதான் சொல்வேன்.

டிசம்பர் 26

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு 19 வயது. கிள்ளானிலிருந்து நானும் என் நண்பனும் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கி எல்ஆர்டி பிடித்தோம். ரயில் முழுக்க மஞ்சள் கறுப்பு ஜெர்சி. மலாய்க்காரர், சீனர், நம்மவர் என்று எல்லாரும் ஒரே பாட்டைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அப்படி ஒரு ரயிலில் அதற்கு முன்னும் பின்னும் நான் ஏறியதில்லை.

நண்பன் பையிலிருந்து ஒரு சின்னப் பேனாவை எடுத்துக் காட்டினான். "பாசார் மாலாம்ல வாங்குனேன் மச்சான். பச்சைக் கலரு. அந்தக் கோடி வரைக்கும் போகும்." நான் "செம" என்றேன். அவ்வளவுதான் யோசித்தேன்.

1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய அரங்கம் அது. அன்றைக்கு நிரம்பி வழிந்தது. முதற்பாதி 0–0. நம் பையன்கள் நன்றாக ஆடினார்கள், ஆனால் கோல் விழவில்லை. இந்தோனேசியா அந்தப் போட்டி முழுக்க ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் வந்த குழு. அரங்கத்தில் எல்லாருக்கும் வயிற்றில் ஒரு கலக்கம். மறுபடி ஐந்து வாங்குவோமோ?

பிற்பாதி தொடங்கியது. அங்கங்கே பச்சைப் புள்ளிகள் திடலில் ஓடின. நண்பன் பேனாவை அழுத்தினான். "நீ அடிச்சுப் பாரு" என்று என்னிடம் கொடுத்தான். நான் இந்தோனேசியக் கோல்காவலர் மார்க்குஸ் ஹொரிசன் பக்கம் பிடித்தேன். மூன்று விநாடி, நான்கு விநாடி இருக்கும். என் புள்ளி அவர் முகத்தில் விழுந்ததா, வேறு யாருடையதோ விழுந்ததா, எனக்குத் தெரியாது. விழ வேண்டும் என்றுதான் பிடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் நடுவரிடம் போய்க் கையைக் கண்ணுக்குக் காட்டிப் பேசினார். இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் திடலின் ஓரத்துக்கு நடந்து போனார்கள். ஆட்டம் நின்றது. ஏறக்குறைய எட்டு நிமிடம்.

எங்கள் பக்கத்தில் விசில் பறந்தது. அப்போது எனக்கு முன் வரிசையில், ஏழெட்டு வயது மகனை மடியில் வைத்திருந்த ஒரு மலாய்ப் பாக்சிக் திரும்பினார். கோபப்படவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு மலாயில் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, நம்ம பசங்களால ஜெயிக்க முடியாதுன்னு நெனைக்கிறியா?"

நான் பேனாவைச் சட்டைப் பைக்குள் போட்டேன். திருந்தியதால் இல்லை, வெட்கத்தால். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் நான் நம்பவில்லை. 5–1 என் மனசுக்குள் உட்கார்ந்திருந்தது. தன் ஆளை நம்புகிறவனுக்கு லேசர் எதற்கு? நான் ராஜகோபாலின் பெயரைக் கத்திக்கொண்டே அவருடைய பையன்களை நம்பாமல் இருந்தேன்.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. 61-ஆவது நிமிடம், நோர்ஷாருல் இட்லான் தற்காப்பு ஆட்டக்காரரிடமிருந்து பந்தைப் பறித்துக் கொடுக்க, சாஃபி சாலி போட்டார். 68-ஆவது நிமிடம், அஷாரி சம்சுடின். 73-ஆவது நிமிடம், மறுபடியும் சாஃபி. 12 நிமிடத்தில் மூன்று கோல். அரங்கம் அதிர்ந்தது என்பார்களே, அன்றைக்குக் காலுக்குக் கீழே சிமெண்டு உண்மையாகவே ஆடியது. நான் அந்தப் பாக்சிக்கைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவரும் என்னைக் கட்டிப்பிடித்தார். எதுவுமே நடக்காதது மாதிரி.

எதிர்ப்பக்கம் நின்றவர்

இப்போது உங்களை எதிர்ப்பக்கப் பெஞ்சுக்கு அழைத்துப் போகிறேன். வெற்றிக் கதை சொல்லும்போது நாம் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

இந்தோனேசியாவின் பயிற்றுநர் ஆல்ஃபிரெட் ரீடல், ஆஸ்திரியாக்காரர். அப்போது 61 வயது. சிரிக்காத முகம். ஒழுங்கு விஷயத்தில் கறார். அந்த நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான போவாஸ் சொலோசா பயிற்சி முகாமுக்கு நேரத்துக்கு வரவில்லை என்பதற்காக, அவரைச் சேர்க்காமலேயே இந்தப் போட்டிக்கு வந்தவர். ஜெயிப்பதற்காக ஒழுங்கை விட்டுக்கொடுக்காத மனிதர் என்று அதிலேயே தெரிகிறது.

அந்த எட்டு நிமிடத்தில் அவர் முன்னால் இரண்டு வழி இருந்தது. என் ஆட்டக்காரர் கண்ணில் ஒளி அடிக்கிறார்கள், நாங்கள் ஆடமாட்டோம் என்று குழுவை உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் குழு திடலுக்குத் திரும்பியது. மூன்று கோல் வாங்கியது. கடைசி விசில் வரை ஆடியது.

மூன்று நாள் கழித்து, டிசம்பர் 29, ஜகார்த்தா. முதற்பாதியிலேயே அவர்களுக்கு ஒரு பினால்டி கிடைத்தது. குழுத்தலைவர் ஃபிர்மான் உத்தினா அடித்ததை நம் கைருல் ஃபாமி தடுத்தார். அந்தக் கோல்காவலருக்கு வயது 21தான். பிற்பாதியில் சாஃபி ஒரு கோல் போட்டதும் மொத்தம் 4–0. இனி இந்தோனேசியா ஜெயிக்க வழியே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அப்போதும் அவர்கள் நிற்கவில்லை. 72-ஆவது நிமிடம் ஒன்று, 87-ஆவது நிமிடம் ஒன்று. அந்த ஆட்டத்தை 2–1 என்று வென்றார்கள். கிண்ணம் மொத்தக் கணக்கில் 4–2 என்று நமக்கு வந்தது. மலேசியாவுக்கு அதுதான் முதல் ஆசியான் கிண்ணம். டிசம்பர் 31-ஆம் தேதியை அரசாங்கம் பொது விடுமுறையாகவே அறிவித்தது.

ரீடலுக்கு அது முதல் தோல்வி இல்லை. 1998-இல் வியட்நாம் குழுவோடு இதே கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்கு வந்தார். ஹனோயில், சொந்த ரசிகர்கள் முன்னால், சிங்கப்பூரிடம் 0–1. அந்த ஒரே கோலைப் போட்டவர் ஆர். சசிகுமார். பந்து அவர் தோளில் பட்டு உள்ளே போனது என்று இன்றுவரை பேசுகிறார்கள். 1999, 2003, 2005 சீ விளையாட்டுப் போட்டிகளில் வியட்நாம் இறுதியாட்டத்துக்கு வந்து மூன்று முறையும் தாய்லாந்திடம் தோற்றது. மூன்று முறையும் பயிற்றுநர் அவர்தான். 2010-இல் நம்மிடம். 2016-இல் மறுபடி இந்தோனேசியாவோடு வந்தார். அந்த நாட்டுக் காற்பந்து ஓராண்டுத் தடையிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தது. ஒவ்வொரு கிளப்பிலிருந்தும் இரண்டு பேரைத்தான் எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு வேறு. அந்தக் குழுவையும் இறுதியாட்டம் வரை கொண்டு வந்து, தாய்லாந்திடம் மொத்தக் கணக்கில் 2–3 என்று தோற்றார்.

ஆறு இறுதியாட்டம், ஒரு கிண்ணம்கூட இல்லை. 2020-இல் காலமானார்.

இவரைத் தோல்வியாளர் என்று சொல்வீர்களா? ஒரு செய்தி சொல்கிறேன். அவருக்குச் சிறுநீரகம் பழுதானபோது, தங்கள் சிறுநீரகத்தைக் கொடுக்க வியட்நாம் மக்கள் பலர் முன்வந்தார்கள். 2007-இல் மாற்றுச் சிகிச்சை நடந்தது. அதே வருடம் ஆசியக் கிண்ணத்தில் வியட்நாமைக் காலிறுதி வரை கொண்டுபோனார். ஒரு கிண்ணமும் வாங்கித் தராத வெள்ளைக்காரருக்குத் தன் உடம்பின் ஒரு பாகத்தைக் கொடுக்க ஜனங்கள் ஏன் வந்தார்கள்? கோல் கணக்கு போடாத வேறு ஏதோ ஒரு கணக்கு அவர்களிடம் இருந்தது.

பலராமர் எழுந்து நின்றார்

மகாபாரதத்தில் கடைசி நாள் சண்டையை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். பீமனுக்கும் துரியோதனனுக்கும் கதாயுத்தம். இடுப்புக்குக் கீழே அடிக்கக்கூடாது என்பது விதி. பீமன் தொடையில் அடித்தான். துரியோதனன் விழுந்தான். பாண்டவர்கள் ஜெயித்தார்கள்.

துரியோதனன் செய்த கொடுமைகள் நமக்குத் தெரியும். சபையில் திரௌபதியை அவமானப்படுத்தியவன். தர்மம் பாண்டவர் பக்கம்தான். ஆனாலும் அந்த இடத்தில் ஒருவர் எழுந்து நிற்கிறார், பலராமர். இரண்டு பேருக்கும் கதை பழக்கிய குரு. கண்ணனுக்கு அண்ணன். கலப்பையைத் தூக்கிக்கொண்டு பீமன் மேல் பாய்கிறார். கண்ணன் பிடித்து நிறுத்திச் சமாதானம் சொல்கிறார். பலராமர் மனசு ஆறவில்லை. கோபத்தோடு தேரேறித் துவாரகைக்குப் போய்விடுகிறார்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது எனக்குப் பலராமர் மேல்தான் எரிச்சல் வந்தது. நம் ஆளு ஜெயிச்சுட்டான், இவருக்கு என்ன கஷ்டம்? இப்போது வேறு மாதிரி தோன்றுகிறது. பாரதத்தைச் சொன்னவர் நினைத்திருந்தால் அந்தத் தொடை அடியை மறைத்திருக்கலாம். பலராமர் வந்ததையே சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. ஜெயித்தவர்களின் கதைதான் அது, ஆனால் ஜெயித்தவர்களின் தப்பும் அதிலேயே இருக்கிறது. அதனால்தான் அதைத் தர்மம் சொல்லும் நூல் என்று இன்னும் படிக்கிறோம்.

2010 கதையையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். மூன்று கோலையும் சொல்லுங்கள், எட்டு நிமிடத்தையும் சொல்லுங்கள். எட்டு நிமிடத்தைச் சிரிப்புக்காகச் சொல்லாதீர்கள்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. பலமான லேசர் ஒளி நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரை கெட்டுப்போகும். சிலருக்குத் திரும்பச் சரியாகாது. ஐரோப்பாவிலும் இது நடந்தது. 2021-இல் வெம்பிளியில் டென்மார்க் கோல்காவலர் காஸ்பர் ஷ்மைக்கேல் பினால்டிக்கு நின்றபோது அவர் முகத்தில் பச்சை ஒளி. இங்கிலாந்துக்கு அபராதம் விழுந்தது. 2022-இல் டாக்காரில் எகிப்தின் முகமது சாலா பினால்டி அடிக்க வந்தபோது முகமே பச்சையாகத் தெரிந்தது. செனகலுக்கு ஃபிஃபா 1,75,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. அபராதத்தைக் கட்டுவது சங்கம். பிடித்தவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான், என்னைப் போல.

நம் நாட்டில் அது அதோடு நிற்கவும் இல்லை. 2014 டிசம்பரில் ஷா ஆலாமில் வியட்நாமிடம் 1–2 தோற்றபோது, விருந்தாளியாக வந்த வியட்நாம் ரசிகர்களை நம் ரசிகர்கள் சிலர் அடித்துக் காயப்படுத்தினார்கள். நம் பையன்கள் அடுத்த வாரம் ஹனோயில் 4–2 வென்று பதில் சொன்னார்கள், திடலுக்குள், காலால். 2015 செப்டம்பரில் அதே ஷா ஆலாமில் சவுதி அரேபியாவோடு 1–2 என்று இருந்தபோது நம் பக்கத்திலிருந்து தீப்பந்தங்கள் பறந்தன. 87-ஆவது நிமிடத்தில் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். எதிரணிக்கு 3–0 என்று தீர்ப்பானது. பேனாவில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்று பாருங்கள்.

அப்பா கேட்ட கேள்வி

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

அப்பா இளமையில் கிள்ளான் பக்கம் ஒரு தோட்டக் குழுவுக்குக் கோல்காவலராக இருந்தவர். எங்கள் வீட்டில் சாமிப் படத்துக்கு அடுத்து மரியாதை ஆர். ஆறுமுகத்துக்குத்தான். 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கிய அந்தக் கோல்காவலர் 1988-இல் கார் விபத்தில் இறந்த நாளில் அப்பா சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வார்.

அன்றைக்கு நான் வீடு திரும்பியபோது நடுராத்திரி தாண்டிவிட்டது. அப்பா தொலைக்காட்சிக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். சந்தோஷம்தான். "ராஜகோபால் சாதிச்சுட்டான்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததைக் கேட்டார்.

"அந்த வெளிச்சம் அடிச்சவங்க யாருடா? உங்க பக்கம்தானா?"

"தெரியலப்பா. ரொம்ப தூரத்துல."

அப்பா தலையை ஆட்டினார். "கோல் வாசல்ல நிக்கிறவனுக்கு கண்ணு ஒண்ணுதான்டா இருக்கு. பாவம் அந்தப் புள்ள."

எதிரணிக் கோல்காவலரை அப்பா "புள்ள" என்றார். பேனா அப்போதும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன். 2016-இல் அப்பா காலமானார். அந்தப் பதிலைத் திருத்த எனக்கு இப்போது ஆள் இல்லை.

அதனால் அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் சொன்னேன். பேனாவையும் பாக்சிக்கையும் அப்பாவையும், எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. லேசர் கதையைச் சொன்ன தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "நீ எதுக்குடா குனியிற, அடிச்சவன் நான்" என்றேன். பிறகு ஒரு தங்கை கேட்டாள்.

"அண்ணே, அப்போ அந்தக் கிண்ணம் நம்மளுது இல்லையா?"

நல்ல கேள்வி. நம்முடையதுதான். வியட்நாமை வென்றபோது, ஜகார்த்தாவில் கைருல் ஃபாமி பாய்ந்து தடுத்தபோது, அந்த 12 நிமிடத்தில் நோர்ஷாருல், அஷாரி, சாஃபி ஓடிய ஓட்டத்தில் யாருடைய பேனாவும் இல்லை. ராஜகோபாலும் அவருடைய பையன்களும் உழைத்து வாங்கியது அது. அதை யாரும் பிடுங்க முடியாது. ஆனால் எங்கள் பேனா அந்தக் கிண்ணத்தில் ஒரு கீறல் போட்டுவிட்டது. யாராவது அந்த வெற்றியைப் பேசும்போது கூடவே லேசரையும் பேசுகிறார்கள். நாங்கள் உதவவில்லை, அவர்களுடைய உழைப்பைச் சந்தேகப்பட வழி செய்து கொடுத்தோம். இந்தோனேசியாவுக்குச் செய்த தப்பு ஒரு பக்கம் என்றால், நம் ராஜகோபாலுக்குச் செய்த துரோகம் இன்னொரு பக்கம்.

அதே ராஜகோபாலை 2012-இல் நாம் எப்படி நடத்தினோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். புக்கிட் ஜாலிலில் சிங்கப்பூரிடம் 0–3 தோற்ற இரவில், "நம்ம ஆளு" என்றவர்களே மாமாக் கடையில் அவரைக் கிழித்தார்கள். ஜெயிக்கும்போது நம்பாமல் லேசர் அடிப்பதும், தோற்கும்போது நம்பாமல் ஏசுவதும் ஒரே நோய்தான்.

நாம் செய்யக்கூடியது

நம் மன்றத்துப் பிள்ளைகள் சனிக்கிழமை தோறும் ஃபுட்சால் ஆடுகிறார்கள். வகுப்பில் பேசி மூன்று விஷயத்தை ஒத்துக்கொண்டோம். நீங்களும் உங்கள் கிளையில் பேசிப் பாருங்கள்.

ஒன்று, எதிரணிக் கோல்காவலரின் பெயரை, நிறத்தை, உடம்பை வைத்துக் கத்துவதில்லை. நம் குழுவைப் பாராட்டி எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

இரண்டு, நம் பக்கத்து ஆள் தப்புச் செய்தால் நாம்தான் முதலில் சொல்ல வேண்டும். எதிரணி சொல்லும்வரை காத்திருப்பதில்லை. அந்தப் பாக்சிக் சொன்ன மாதிரி, சத்தம் போடாமல், ஒரு கேள்வி போதும்.

மூன்று, ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்றுநரிடம் போய்க் கை கொடுக்க வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும். போன சனிக்கிழமை நம் பிள்ளைகள் 0–2 என்று இருந்து பிற்பாதியில் 3–2 என்று ஜெயித்தார்கள். குதித்த குதியில் கை கொடுக்க மறந்துவிட்டார்கள். எதிரணிப் பயிற்றுநர், வயதான சீன அங்கிள், அவரே நடந்து வந்து ஒவ்வொருவர் தோளையும் தட்டிவிட்டுப் போனார். நம் பிள்ளைகளுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த வாரம் மறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. தோற்ற மறுநாள் உங்களிடம் யார், எப்படிப் பேச வேண்டும் என்று விரும்புவீர்கள்? நீங்கள் அப்படி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா?

2. அந்த எட்டு நிமிடத்தில் நீங்கள் எதிரணிப் பயிற்றுநராக இருந்தால் குழுவைத் திருப்பி அனுப்புவீர்களா? ஏன்?

3. பலராமர் செய்தது சரியா, கண்ணன் சமாதானம் சொன்னது சரியா? இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.

4. உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ பெருமையாகச் சொல்லப்படும் வெற்றிக் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சொல்லாமல் விட்ட பகுதி ஏதாவது உண்டா?

5. திருத்தாமல் வைத்திருக்கும் பதில் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு வகுப்பில் பதில் சொல்ல வேண்டாம். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம், அவர் இருக்கும்போதே சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.